செக்ரோல் புத்தகமா, பெயர்ப் பலகையா? அகப்பக்கம் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் சிறிய அச்சகத்துக்குத் திருவிழா அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள், பிழை திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: “அண்ணே, எங்களுக்கும் ஓர் அகப்பக்கம் வேண்டும், வேர்ட்பிரஸ் நல்லதா, விக்ஸ் நல்லதா?” இதற்கு என்னிடம் நேரான பதில் கிடையாது. கேட்கிறவர் இரண்டு கடைகளின் பெயரைச் சொல்கிறாரே தவிர, என்ன வாங்க வந்திருக்கிறார் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: இந்த ஆண்டு எழுதி வைத்ததை அடுத்த ஆண்டு அழித்துவிட்டு எழுதுவீர்களா, அல்லது அதை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போவீர்களா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க உவமை தேடி அலைய வேண்டியதில்லை. தோட்ட அலுவலகத்தின் வாசலில் ஒரு பெயர்ப் பலகை நிற்கும்; தோட்டத்தின் பெயர், கம்பெனியின் பெயர், எத்தனை ஏக்கர் என்ற விவரம், அவ்வளவுதான். கம்பெனி கைமாறினால் பழைய எழுத்தின்மேல் சாயம் பூசிப் புதிதாக எழுதுவார்கள். அடியில் இருந்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதே அலுவலகத்தின் உள்ளே, கணக்கரான கிராணியாரின் மேசைமேல், வருகைப் பதிவேடான செக்ரோல் புத்தகம் கிடக்கும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும், வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் குறி விழும். நேற்றைய கட்டத்தை அழித்து இன்றைய குறியைப் போடுவதில்லை. மாதக் கடைசியில் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும்போது அந்தப் புத்தகத்துக்கு இருக்கும் மதிப்பு முழுவதும், எதுவும் அழியாமல் தேதி வரிசையில் நிற்கிறது என்பதால் வருவதுதான்.

இணையத்தில் பக்கம் அமைத்துத் தரும் சேவைகளும் இந்த இரண்டு வகையாகவே பிரிகின்றன. பெயர்ப் பலகை வகையைச் சேர்ந்தவை இஸ்ரேலில் 2006இல் தொடங்கப்பட்ட விக்ஸ், 2003இல் அமெரிக்காவில் பிறந்த ஸ்குவேர்ஸ்பேஸ், 2008இல் கூகுள் வெளியிட்ட கூகுள் சைட்ஸ் போன்றவை. இவற்றில் அடிப்படை அலகு ‘பக்கம்’ ஆகும். ஒரு வெற்றுத் தாளில் படத்தை இங்கே இழுத்து வைத்து, தலைப்பை அங்கே பெரிதாக்கி, பொத்தானுக்கு நிறம் கொடுத்து, நாங்கள் அச்சகத்தில் அழைப்பிதழை அமைப்பதுபோலவே அமைக்கலாம். முகப்பு, எங்களைப் பற்றி, பூசை நேரம், தொடர்புக்கு என்று நான்கைந்து பக்கங்கள் இருக்கும்; அவற்றுக்குத் தேதி கிடையாது, முன்பின் கிடையாது.

செக்ரோல் வகையில் அடிப்படை அலகு ‘பதிவு’. 1999இல் பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் தொடங்கி 2003இல் கூகுளின் கைக்குப் போன பிளாகர், 2012இல் வந்த மீடியம், 2013இல் வந்த கோஸ்ட், 2017இல் வந்த சப்ஸ்டாக் ஆகியவை இந்த வகை. நீங்கள் எழுதி வெளியிட்டவுடன், நீங்கள் கேட்காமலே, அமைப்பு அதற்கு ஒரு தேதியும் தனி முகவரியும் கொடுத்து வரிசையில் அதன் இடத்தில் சேர்த்துவிடுகிறது. பிளாகரில் மாதவாரியாகப் பழைய பதிவுகளின் பட்டியலும், ஒரே பொருள் பற்றியவற்றை ஒன்றாகத் திரட்டும் குறிச்சொல்லும் உடன் வருகின்றன. புதிதாக என்ன வந்தது என்பதை மற்ற இடங்களுக்குத் தெரிவிக்கும் ஓடையும் உண்டு. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பூக்களை ஒரே பட்டியலில் காட்ட முடிந்தது இந்த ஓடையின் தயவால்தான். பலகை வகைச் சேவைகளிலும் இப்போது ‘வலைப்பதிவு’ என்று ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது வீட்டு முன்கூடத்தில் ஓரமாகப் போட்ட கடைபோல ஒட்டவைத்த பகுதியாகவே பெரும்பாலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேர்ட்பிரஸை இந்த இரண்டில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பம் அவர்களுடைய குற்றமன்று. ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே 27ஆம் நாள் முதல் பதிப்பை வெளியிட்ட மென்பொருள். இது திறந்த மூலம்; யாரும் இலவசமாக இறக்கி, தாங்கள் வாடகைக்கு எடுத்த வழங்கியில் (சர்வரில்) நிறுவிக்கொள்ளலாம். இது கிடைக்கும் முகவரி வேர்ட்பிரஸ் டாட் ஆர்க். இரண்டாவது, அதே மென்பொருளைத் தன் வழங்கியில் ஓட்டி நமக்கு ஒரு கணக்கு மட்டும் திறந்துதரும் சேவை. முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2005 முதல் நடத்தும் வேர்ட்பிரஸ் டாட் காம். முதலாவது மாவரைக்கும் இயந்திரம், இரண்டாவது இட்லிக் கடை. இயந்திரம் வைத்திருப்பவர் தமக்குப் பிடித்த பதத்தில் அரைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊறவைப்பதும் கழுவுவதும், பழுதானால் ஆள் தேடுவதும் அவர் பாடு. கடைக்குப் போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் இன்றைக்குச் சட்னி என்ன என்பதைக் கடைக்காரர்தான் தீர்மானிக்கிறார். இலவசக் கணக்கில் சொந்த முகவரியை இணைக்க முடியாது, விளம்பரம் வரும் என்பதெல்லாம் அந்தச் சட்னியில் அடங்கும்.

உலகில் உள்ள இணையத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்த மென்பொருளில்தான் ஓடுகின்றன என்று சொல்லி, ‘ஆகவே அதுவே சிறந்தது’ என்று முடிப்பவர்கள் உண்டு. இந்த நகரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்பதால் எழுபது வயதுப் பாட்டிக்கும் அதையே வாங்கிக் கொடுக்க முடியாது. சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ் தளத்தில் மென்பொருளையும், தோற்றத்தைத் தரும் ‘தீம்’ என்பதையும், கூடுதல் வசதிக்காகப் பின்னால் சேர்த்த செருகுநிரல்களையும் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். புதுப்பிக்காமல் கிடக்கும் பழைய செருகுநிரல் வழியாகத்தான் திருடர்கள் பெரும்பாலும் உள்ளே வருகிறார்கள். மாதம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க ஆள் இல்லாத சங்கத்துக்கு அதை அமைத்துக் கொடுப்பது, ஆள் இல்லாத வீட்டின் கதவைத் திறந்து போட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோதுதான் நானே பலவற்றைக் கற்றுக்கொண்டேன். அவர் இந்த வட்டாரத்துத் தோட்டங்களைப் பற்றி எழுத விரும்பினார். சுங்கை சிப்புட் என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 1948 ஜூன் 16ஆம் நாள் இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும்தான். “தம்பி, துரைமார் செத்த கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், அந்த வாரம் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அரிசி எப்படி வந்தது என்று யாரும் எழுதவில்லை” என்றார். அவரிடம் இருந்தவை அத்தகைய செய்திகள்: எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் திருவிழா, திடலில் திரை கட்டிப் படம் காட்டியபோது யார் வீட்டிலிருந்து பாய் வந்தது, பால் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது எத்தனை குடும்பம் பட்டணத்துக் குடியிருப்புகளான தாமான்களுக்குப் போனது. வாரத்துக்கு ஒன்று எழுதுவார், எழுதியதை அழிக்கமாட்டார். இது ஐயத்துக்கு இடமின்றிச் செக்ரோல் வகை. செலவும் கூடாது, கைப்பேசியிலேயே எழுத வேண்டும் என்றார். பிளாகரில் கணக்குத் திறந்து கொடுத்தேன்.

இருபது பதிவுகள் ஆன பிறகுதான் ஒரு கோளாற்றைக் கவனித்தேன். எந்தப் பதிவைத் திறந்தாலும் முகவரியின் கடைசியில் ‘பிளாக்-போஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் பின்னால் ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. கள்ளுக்கடை பற்றிய பதிவும், மாரியம்மன் கோயில் பற்றிய பதிவும், அரிசிப் பங்கீடு பற்றிய பதிவும் முகவரியைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தன. தலைப்பு ரோமன் எழுத்தில் இருந்தால் பிளாகர் அதிலிருந்து முகவரியை உருவாக்கும். தமிழில் இருந்தால் அதனால் முடிவதில்லை, ஆகவே பொதுப்பெயரை வைத்து எண் போட்டுவிடும். பழைய தமிழ் வலைப்பதிவர்கள் எல்லாரும் அறிந்த சங்கதி இது. எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

வேர்ட்பிரஸ் இதற்கு நேர்மாறாக, தமிழ்த் தலைப்பையே முகவரியாக எடுத்துக்கொள்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒருவருக்கு அனுப்பும்போதுதான் பல நேரங்களில் வால் நீள்கிறது. ‘தோட்டம்’ என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் அது உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஏழு குறியீடுகளாகிறது. ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரிக்குள் ஒரு விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்தாக எழுதப்படுகிறது. ஆக, ஏழும் ஒன்பதும் பெருக்கி, ‘தோட்டம்’ என்ற ஒரு சொல்லுக்கு 63 எழுத்துகள். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பெயருக்கு ஒதுக்கும் இடமோ 200 எழுத்து. அதாவது தலைப்பில் ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று தமிழ் எழுத்து வந்ததுமே முகவரி நடுவில் வெட்டுப்பட்டுப் போகும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: வெளியிடும் முன், முகவரிப் பகுதியைத் திறந்து, ‘சுங்கை சிப்புட் அரிசி’ என்பது போன்ற இரண்டு மூன்று சொற்களை ரோமன் எழுத்தில் நாமே தட்டிவிட வேண்டும். பிளாகரில் வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை மீண்டும் வரைவாக இறக்கித்தான் மாற்ற முடியும்; அதற்குள் பழைய முகவரியை யாராவது பகிர்ந்திருந்தால் அந்த இணைப்பு செத்துவிடும். ஆசிரியர் ஐயாவின் முதல் இருபது பதிவுகளை அப்படியே விட்டுவிட்டோம்.

இனி, இரண்டாவது பெரிய கேள்விக்கு வருகிறேன். முதல் கேள்வி எந்த வகை என்பது. இது, அந்த இடத்தை விட்டுப் புறப்படும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பது.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வாடகை கிடையாது, தண்ணீர் உண்டு, பின்புறம் முருங்கையும் வாழையும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் வேலையோடு சேர்ந்து வந்தவை. தோட்டம் விற்கப்பட்ட அன்றைக்குத்தான் முருங்கை மரம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், இந்த ஊரில் பிறந்த இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் நோக்கமே, பாட்டாளிகள் வேலை செய்யும் மண்ணில் அவர்களுக்கே பங்கு இருக்க வேண்டும் என்பதுதான்.

இலவசச் சேவையில் கிடைக்கும் முகவரி லயத்து வீடு மாதிரி. உங்கள் பெயருக்குப் பின்னால் ‘பிளாக்ஸ்பாட் டாட் காம்’ என்றோ ‘விக்ஸ்சைட் டாட் காம்’ என்றோ வந்தால், அந்த இடம் அவர்களுடையது. யாஹூ நிறுவனம் தன்னிடம் இருந்த ஜியோசிட்டீஸ் சேவையை 2009இல் ஜப்பானைத் தவிர மற்ற இடங்களில் மூடியபோது, தொண்ணூறுகளிலிருந்து மக்கள் கட்டி வைத்திருந்த எண்ணற்ற பக்கங்கள் அந்த முகவரிகளிலிருந்து போயின. போஸ்டரஸ் என்ற பதிவுச் சேவையை 2012இல் டுவிட்டர் வாங்கியது. மறு ஆண்டு ஏப்ரலில் அது மூடப்பட்டது. இவை நல்ல சேவைகளாகத்தான் இருந்தன. உரிமையாளருக்கு வேறு கணக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

டொமைன் என்னும் சொந்த முகவரி இதற்கு ஒரு காப்பு. இதை முழு நிலப்பட்டா என்று சொன்னால் பொய்யாகும்; ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும், ‘டாட் காம்’ முகவரியை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்தாண்டுக்குத்தான் பதிய முடியும். ஆயினும் அது டிஓஎல் என்னும் தற்காலிக உரிமத்தில் இருக்கும் நிலத்தைப்போல அன்று. டிஓஎல் உரிமம் டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்துவிடும், அடுத்த ஆண்டு கொடுப்பதும் கொடுக்காததும் நில அலுவலகத்தின் விருப்பம் என்பது நம் கோயில் நிருவாகங்களுக்கு நன்றாகத் தெரியும். டொமைனில் கட்டணத்தைக் காலத்தில் கட்டுகிறவரை அது உங்கள் பெயரில்தான் இருக்கும். எந்தச் சேவைக்கு மாறினாலும் முகவரியைக் கையோடு கொண்டுபோகலாம். பிளாகர் தன் இலவசக் கணக்கிலேயே சொந்த டொமைனை இணைக்க விடுகிறது என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. ஆசிரியர் ஐயா அப்படி ஒரு டொமைனை இணைத்து வைத்து, நாளைக்குச் சொந்த வேர்ட்பிரஸுக்கு மாற நினைத்தால், பிளாகர் முகவரியில் உள்ள ஆண்டு, மாதம், பதிவின் பெயர் என்ற அதே வரிசையை அங்கேயும் அமைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரில் இருக்கும் பேரன் சேமித்து வைத்த பழைய இணைப்பும் வேலை செய்யும்.

முகவரி மட்டும் போதாது, எழுத்தும் கூட வர வேண்டும். பிளாகரில் அமைப்புகள் பகுதியிலிருந்து காப்புநகல் எடுத்தால் எல்லாப் பதிவும் பின்னூட்டமும் கோப்பாக வந்துவிடும். வேர்ட்பிரஸிலும் அப்படியே. சப்ஸ்டாக்கில் எழுத்தோடு வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆகவே மின்னஞ்சல் வழியாக எழுத விரும்புகிறவர்களுக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன், கட்டணச் சந்தா வைத்தால் அவர்கள் பத்து விழுக்காட்டை எடுத்துக்கொள்வார்கள் என்ற குறிப்போடு. விக்ஸில் நிலைமை வேறு. அங்கே கட்டிய தளம் அவர்களுடைய வழங்கியில் மட்டுமே இயங்கும்; தளத்தை அப்படியே பெயர்த்து வேறிடத்தில் வைக்க வழியில்லை. வார்த்தைகளை நகலெடுத்து ஒட்டிப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். ஐந்து பக்கத் தளத்துக்கு அது ஒரு பிற்பகல் வேலை. ஐந்நூறு பதிவுக்கு ஓராண்டு வேலை. விக்ஸைப் பெயர்ப் பலகைக்கு வைத்துக்கொள்ளலாம், செக்ரோலுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அழகு காரணமன்று, இதுதான் காரணம்.

காப்புநகல் கோப்பில் ஒரு பொறி உண்டு. பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் அந்தக் கோப்புக்குள் எழுத்து இருக்கும். படங்கள் இருக்காது; படங்கள் எங்கே இருக்கின்றன என்ற இணைப்புகள் மட்டுமே இருக்கும். ஆசிரியர் ஐயாவின் கறுப்பு வெள்ளைப் படங்களை நான் அச்சகத்து வருடியில் (ஸ்கேனரில்) எடுத்து, ஒரு வெளிவட்டில் தோட்டத்தின் பெயரில் உறை போட்டுத் தனியே வைத்திருக்கிறேன். சேவையில் ஏற்றியது ஒரு பிரதி மட்டுமே. மூலம் நம் அலமாரியில் இருக்க வேண்டும்.

முகநூலைப் பற்றிக் கேட்பார்கள். கூட்டம் அங்கேதான் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. முன்னாள் மாணவர் குழுக்களில் ஒரு பழைய படத்தைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேர் “அது எங்க அப்பா” என்று வருகிறார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்து அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். குழுவுக்குள் போட்டது பெரும்பாலும் வெளித் தேடலில் அகப்படாது, கணக்கு இல்லாதவருக்குக் கதவு திறக்காது. ஆகவே எழுத்தைச் சொந்த இடத்தில் வைத்து, அதன் இணைப்பை முகநூலிலும் புலனத்திலும் போடுங்கள் என்பது என் யோசனை. மீடியம் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். பிளாகரைத் தொடங்கியவர்களில் ஒருவரான இவான் வில்லியம்ஸ் தொடங்கிய, எழுதுவதற்கு இதமான இடம் அது. ஆனால் படிக்க வருகிறவரை அடிக்கடி உள்நுழையச் சொல்கிறது, நம் பெரியவர்கள் அந்தப் பெட்டியைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள். கோஸ்ட் திறந்த மூலம், தரமானது. ஆனால் அவர்களே நடத்தித் தரும் சேவைக்குக் காசு வேண்டும்.

எதுவுமே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் அக்கா ஒருவர் விலைப்பட்டியல் அச்சடிக்க வந்து, அகப்பக்கத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அவருடைய வாடிக்கையாளர் அனைவரும் அவரைப் புலனத்தில்தான் அழைக்கிறார்கள். புலனத்தின் வணிகச் செயலியில் படத்தோடு பொருள் பட்டியல் வைக்கலாம், கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்துகொள்ளலாம், இரண்டும் இலவசம். காசை மாவுக்கும் எண்ணெய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

கோயில் நிருவாகங்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது, கூகுள் சைட்ஸோடு ஒரு சொந்த டொமைன். தோற்றத்தில் அது சாதாரணம்தான். விக்ஸின் பளபளப்பு வராது. ஆனால் கோயில் நிருவாகம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும். புதிய செயலாளரைத் திருத்தும் உரிமையில் சேர்ப்பதும் பழையவரை நீக்குவதும் அதில் ஒரு நிமிட வேலை. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த அமைப்பாக இருந்தால் ‘டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய்’ முகவரிக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டு முகவரிகளை நிருவகிப்பது மைநிக் என்ற அமைப்பு. செலவு என்று பார்த்தால், சாதாரண ‘டாட் காம்’ முகவரிக்கு ஆண்டுக்கு ஐம்பது, அறுபது வெள்ளி (ரிங்கிட்) அளவில் ஆகும். சொந்த வேர்ட்பிரஸுக்கு வழங்கி வாடகையாக அதற்கு மேல் நூறோ இருநூறோ வெள்ளி. விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் கட்டணத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பல நூறு வெள்ளி. விளம்பரத்தில் காட்டும் முதல் ஆண்டு விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு விலையைக் கேளுங்கள்.

எந்தச் சேவையானாலும் முன்னோட்டத்தில் ஆங்கிலம் அழகாக இருக்கிறது என்று மயங்காமல், ஒரு பத்தித் தமிழைப் போட்டுக் கைப்பேசியில் பார்க்க வேண்டும். பல தீம்களின் எழுத்துருவில் தமிழே கிடையாது. அப்போது கைப்பேசி தன்னிடம் உள்ள எழுத்துருவை இடையில் செருகும், தலைப்பும் உடலும் ஒட்டாமல் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் போன்றவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சில் பழகிய பழக்கத்தில் பத்தியின் இருபுறமும் சமன் செய்யாதீர்கள். ‘நிருவகிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன’ போன்ற ஒரு சொல் கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் வந்தால், அதற்கு முந்திய வரியில் சொற்களுக்கிடையே மாட்டு வண்டி போகும் அளவுக்கு இடைவெளி விழும். பழைய திருவிழா மலர்களிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவை யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியவையாக இருந்தால், திரையில் தமிழுக்குப் பதில் அர்த்தமற்ற ரோமன் எழுத்துகள் கொட்டும். எழுத்துரு மாற்றியில் ஒருமுறை போட்டு எடுத்த பிறகே ஏற்ற வேண்டும்.

கடைசியாக, நானே பட்ட ஒரு பாடு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிலுக்கு அகப்பக்கம் அமைத்தபோது, டொமைனை யார் பெயரில் பதிவது என்ற கேள்விக்கு நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் தம் மின்னஞ்சலையும் வங்கி அட்டையையும் கொடுத்தார், பதிந்துவிட்டோம். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போனார், அட்டை மாறியது, பழைய மின்னஞ்சலை அவர் திறப்பதே இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் கிடந்தன. ‘டாட் காம்’ முகவரி காலாவதியானால் அன்றைக்கே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம், அதற்குப் பிறகு 30 நாள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம், பிறகு 5 நாளில் அழிந்து எவரும் பதியக்கூடியதாகிவிடும். அத்தனை நாளும் தளம் திறக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. திருவிழா முடிந்தால் அடுத்த திருவிழா வரை அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் கவனித்தது அடுத்த ஆண்டு அழைப்பிதழை அடித்து முடித்து, கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது. அடியில் போட்டிருந்த முகவரி சரிதானா என்று கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். சூதாட்ட விளம்பரம் ஒன்று மின்னிக்கொண்டு வந்தது. இப்போது அந்தக் கோயிலின் புதிய முகவரி நிருவாகத்தின் பெயரில் பதியப்பட்டிருக்கிறது. நினைவூட்டல் கோயிலுக்கென்று திறந்த மின்னஞ்சலுக்கும் பொருளாளருக்கும் போகிறது. ஐந்தாண்டுக் கட்டணமும் கட்டியாயிற்று. பழைய முகவரி போட்ட ஆயிரத்து ஐந்நூறு அழைப்பிதழ்கள் இன்னும் என் அச்சகத்தின் பின்னறையில் இருக்கின்றன. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால், பிள்ளைகள் கணக்குப் போட எடுத்துக்கொண்டு போகிறார்கள்.